கருந்துளையின் வாசலைக் கண்ட குருவானவர்

1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜேர்மன் படைகள் பெல்ஜியம் நாட்டினுள் நுழைந்தபோது, லூவேன் கத்தோலிக்க பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றுக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் ஒருவர் புத்தகங்களை மூடிவைத்துவிட்டுத் தம் தம்பியோடு படையிற் சேர்ந்தார். அதே நாட்களில் எதிர்ப்பக்கத்திலே, நாற்பது வயதான ஜேர்மன் வானியலறிஞர் ஒருவரும் தாமாகவே முன்வந்து தம் நாட்டுப் படையிற் சேர்ந்திருந்தார். இளைஞரின் பெயர் ஜோர்ஜ் லெமேத்தர். வானியலறிஞரின் பெயர் கார்ல் சுவார்ட்சில்ட். லெமேத்தர் பிறந்த சார்லெருவா நகருக்கு அயலிலுள்ள நமூரில், ஜேர்மன் படையின் வானிலை நிலையமொன்றைச் சிலகாலம் நடத்தியவர் இந்தச் சுவார்ட்சில்ட். இருவரும் ஒருவரையொருவர் ஒருபோதும் சந்திக்கவில்லை. ஆயினும் ஒருவர் போட்ட முடிச்சை மற்றவர் அவிழ்க்க வேண்டியிருந்தது.

லெமேத்தர் அடிகளாரின் பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். பிரபஞ்சம் ஓயாமல் விரிந்துகொண்டிருக்கிறது, அந்த விரிவுக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்ற கருத்தை உலகிற்குத் தந்த குருவானவர் என்று அவரைப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. கருந்துளை என்ற பெயரே வழக்கில் வருவதற்கு மூன்று தசாப்தங்களுக்கு முன்னர், அதன் எல்லை உண்மையில் எத்தகையது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் அவர். அந்தக் கதையையே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

அவர் 1894ஆம் ஆண்டு ஜூலை 17ஆந் திகதி பிறந்தார். தந்தையார் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார். யேசுசபைக் குரவர்களின் கல்லூரியில் கல்வி. பிள்ளைப் பருவத்திலேயே குருவாக வேண்டும் என்ற விருப்பமும் விஞ்ஞானியாக வேண்டும் என்ற விருப்பமும் ஒன்றாகவே அவருள்ளத்தில் எழுந்தனவாம். ஒன்றுக்காக மற்றையதைக் கைவிட வேண்டுமென அவருக்குத் தோன்றவில்லை. தொழிற்சாலை தீக்கிரையாகிக் குடும்பம் பிரசெல்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. மூத்த மகன் பொறியியலாளனாகிக் குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்ற நிலை. அதனாலேதான் லூவேனில் பொறியியல் கற்கச் சேர்ந்தார்.

போர் நான்கு ஆண்டுகள் நீடித்தது. ஈசர் ஆற்றங்கரைச் சமர்களில் காலாட்படை வீரராகவும் பின்னர் பீரங்கிப் படையிலும் அவர் நின்றார். நச்சுவாயுவின் கோரத்தையும் நேரிற் கண்டார். பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டே பிரெஞ்சுக் கணிதமேதை புவன்காரேயின் நூலை வாசித்தார் என்பர். பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கணிக்கும் கைநூலில் பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டியதனால் மேலதிகாரியின் கோபத்துக்கு ஆளானார் என்றொரு கதையும் உண்டு. உண்மையோ என்னவோ, ஆளின் குணத்துக்கு அது பொருத்தமான கதைதான். வீரத்துக்கான பதக்கத்தோடு வீடு திரும்பியவர் பொறியியலை விட்டுவிட்டுக் கணிதத்துக்கு மாறினார். 1920இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மாலீன் குருமடத்திற் சேர்ந்தார்.

மாலீன் பேராயர் கர்தினால் மெர்சியே ஆண்டகை தாமே ஒரு பெரிய மெய்யியலறிஞர். குருமாணவராயிருந்த லெமேத்தர் ஓய்வுநேரத்தில் ஐன்ஸ்டீனின் சார்புத் தத்துவத்தைக் கற்பதற்கு அவர் தடைசொல்லவில்லை. 1923 செப்டெம்பர் 22ஆந் திகதி கர்தினால் அவர்களே அவருக்குக் குருப்பட்டம் வழங்கினார். சில நாட்களிலேயே புதுக்குருவானவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கேம்பிரிட்ஜில் புகழ்பெற்ற வானியலறிஞர் எடிங்டனிடம் ஓராண்டு. பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்ட் வானோக்கு நிலையத்தில் ஓராண்டு. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலும் ஓர் ஆய்வுரை. 1925இல் லூவேனுக்குத் திரும்பி விரிவுரையாளரானார்.

இனிச் சுவார்ட்சில்ட் போட்ட முடிச்சுக்கு வருவோம்.

ஐன்ஸ்டீன் தம் ஈர்ப்புச் சமன்பாடுகளை 1915 நவம்பரில் வெளியிட்டார். திணிவுள்ள பொருள் தன்னைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையும் வளைக்கிறது. அந்த வளைவையே நாம் ஈர்ப்பு என்கிறோம் என்பது அவற்றின் சாரம். அவற்றுக்குச் சரியான தீர்வு காண்பது மிகக் கடினம் என ஐன்ஸ்டீனே எண்ணியிருந்தார். சில வாரங்களுள், ருஷ்யப் போர்முனையிலிருந்து சுவார்ட்சில்ட் ஒரு தீர்வை எழுதி அனுப்பினார். கோள வடிவான ஒரு பொருளைச் சுற்றி இடமும் காலமும் எவ்வாறு வளைந்திருக்கும் என்பதை அது திட்டமாகச் சொன்னது. அந்தப் போர்முனையிலேயே கொடிய தோல்நோய் ஒன்று அவரைப் பற்றியது. 1916 மே 11ஆந் திகதி, தம் 42ஆவது வயதில் அவர் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற தீர்வில் ஒரு விசித்திரம் இருந்தது. பொருளின் மையத்திலிருந்து குறித்த ஒரு தூரத்திலே கணக்கு உடைந்துபோயிற்று. ஓர் உறுப்பு பூச்சியமாக, இன்னொன்று முடிவிலியாக ஓடியது. சூரியனின் திணிவுக்கு இந்தத் தூரம் ஏறக்குறைய 3 கிலோமீற்றர். பூமியின் திணிவுக்கு 9 மில்லிமீற்றர். சூரியனும் பூமியும் இதைவிட எவ்வளவோ பெரியவையாதலால் நடைமுறையில் தொல்லையில்லை. ஆனால் ஒரு பொருள் முழுவதும் அந்த எல்லைக்குள் சுருங்கிவிட்டால் என்ன ஆகும்? 1922இல் பாரிஸ் நகரில் கணித அறிஞர் ஹடமார்ட் இக்கேள்வியை ஐன்ஸ்டீனிடமே கேட்டார். அப்படி நேர்ந்தால் தம் கொள்கைக்கு அது பெருந்துன்பமாகும் என்று ஐன்ஸ்டீன் ஒப்புக்கொண்டார். அந்த எல்லையில் காலமே நின்றுவிடுகிறது, அதற்கு அப்பால் எதுவுமில்லை, எந்தப் பொருளும் அவ்வளவுக்குச் சுருங்கவே முடியாது என்பதே அறிஞர் பலரின் முடிவாயிற்று. அதாவது, அங்கே ஒரு மதில் இருக்கிறது என்றார்கள்.

லெமேத்தர் அடிகளாருக்கு இத்தகைய மதில்களில் முன்னரே சந்தேகம் இருந்தது. அமெரிக்காவிலிருந்த 1925ஆம் ஆண்டிலேயே, ஒல்லாந்து அறிஞர் டி சிற்றர் அமைத்த பிரபஞ்ச மாதிரியை அவர் ஆராய்ந்தார். அதிலும் ஓர் எல்லைக்கோடு இருந்தது. வேறு ஆள்கூறுகளை எடுத்து எழுதியபோது அந்தக் கோடு மறைந்துபோயிற்று.

ஆள்கூறு என்பது இடத்தையும் நேரத்தையும் எண்களாற் குறிக்கும் முறை. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப்படத்தை எடுத்துக்கொள்வோம். அதிலே வட துருவம் ஒரு புள்ளியாக இல்லை. மேல் விளிம்பு முழுவதும் ஒரு நீண்ட கோடாக இழுபட்டுக் கிடக்கிறது. ஆனால் துருவத்துக்குப் போனவர்கள் அங்கே கோட்டையும் காணவில்லை, விளிம்பையும் காணவில்லை, பனியைத்தான் கண்டார்கள். பிழை பூமியில் இல்லை, படத்தில் இருக்கிறது. சுவார்ட்சில்ட் எல்லையும் இப்படியானதொரு பிழைதானா என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு அடிகளார் வந்து சேர்ந்த வழி நேரானதன்று. அதற்கு முன் அவருடைய பெரிய காரியம் நடந்தது. 1927இல், பிரபஞ்சம் விரிகிறது என்பதையும் தொலைவிலுள்ள நெபுலாக்கள் தம் தூரத்துக்கேற்ற வேகத்தில் விலகுகின்றன என்பதையும் பிரசெல்ஸ் விஞ்ஞானச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். கத்தோலிக்க விஞ்ஞானிகள் நிறுவிய சங்கம் அது. ஏடு பிரெஞ்சு மொழியிலே வந்தபடியால் வாசித்தவர்கள் சிலரே. அதே ஆண்டு பிரசெல்சுக்கு வந்த ஐன்ஸ்டீன், கணக்கில் பிழையில்லை என்றும், ஆனால் பௌதிகம் என்ற வகையில் அதனை ஏற்கவே முடியாதென்றும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எடிங்டனுக்கும் பிரதி அனுப்பப்பட்டிருந்தது. அவர் அதை மறந்தே போனார். 1929இல் ஹபிளின் ஆய்வு வெளிவந்த பின்னர், 1930இல் மாணவர் ஆசிரியருக்கு நினைவூட்டிக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அதன் பின்னரே புகழ் வந்தது.

விரியும் பிரபஞ்சத்தில் நெபுலாக் கூட்டங்கள் எவ்வாறு உண்டாயின என்று அடுத்து ஆராயத் தொடங்கினார். எங்கும் விரிவு நடக்கையில், சில இடங்களில் மட்டும் சடப்பொருள் தன் ஈர்ப்பினால் மீண்டும் சுருங்கி ஒன்றுசேர வேண்டும். அப்படிச் சுருங்கும் ஒரு கோளத்தைக் கணக்கிட்டபோது ஒரு முரண்பாடு கண்ணிற் பட்டது. விரியும் பிரபஞ்சத்துக்கான சமன்பாடுகள், ஒரு குறித்த திணிவு எவ்வளவு சிறிய அளவுக்கும் சுருங்கலாம் என்று அனுமதிக்கின்றன. சுவார்ட்சில்டின் தீர்வோ, குறித்த எல்லைக்குக் கீழே சுருங்க முடியாது என்பதுபோலத் தோன்றுகிறது. இரண்டும் ஒரே ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளிலிருந்து பிறந்தவை. இரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்க முடியாது.

அடிகளார் முடிச்சைக் கண்டுபிடித்தார். சுவார்ட்சில்டின் ஆள்கூறுகள், ஒவ்வொரு இடத்திலும் அசையாமல் நிற்கும் கடிகாரங்களையும் அளவுகோல்களையும் கொண்டு அளப்பவை. ஆனால் அந்த எல்லையில் எதுவும் அசையாமல் நிற்க முடியாது. எவ்வளவு பெரிய விசையைக் கொடுத்தாலும் முடியாது. நிற்க முடியாத இடத்தில் நிற்பவரின் அளவுகோலை வைத்து அளந்தால் கணக்கு உடையாமல் என்ன செய்யும்? எனவே கடிகாரத்தை நிற்பவர் கையிலன்றி, தடையின்றி விழுந்துகொண்டிருக்கும் துணிக்கையிடம் கொடுத்தார். அந்தப் புதிய ஆள்கூறுகளில் எழுதியபோது எல்லையில் எதுவும் உடையவில்லை. பூச்சியமுமில்லை, முடிவிலியுமில்லை. மதில் என்று எல்லோரும் நம்பியது வெறும் தோற்றம் என்று 1933இல் அவர் எழுதினார். விஞ்ஞானிகள் இன்றும் அவற்றை லெமேத்தர் ஆள்கூறுகள் என்றே வழங்குகிறார்கள். இதிலே ஒரு வேடிக்கை: அவருடைய ஆசிரியர் எடிங்டன் 1924ஆம் ஆண்டிலேயே எல்லையில் உடையாத ஆள்கூறுகளை வேறொரு தேவைக்காக எழுதியிருந்தார். சாவியைக் கையில் வைத்திருந்தவர் பூட்டைக் கவனிக்கவில்லை.

ஆழமான கிணறு ஒன்றைக் கற்பனை செய்வோம். கட்டிலே ஒருவர் நிற்கிறார். மற்றவர் விளக்கோடு உள்ளே விழுகிறார். கருந்துளையின் விடயத்தில், வெளியே நிற்பவருக்கு விழுபவரின் விளக்கொளி வரவரச் சிவந்து, மங்கி, தாமதித்து வருகிறது. விழுபவர் எல்லையைக் கடந்ததை அவர் ஒருபோதும் காணமாட்டார். விழுபவருக்கோ அந்த எல்லை எவ்வித அடையாளமுமில்லாத இடம். தம் கைக்கடிகாரத்தின்படி சாதாரணமாகவே அதைக் கடந்து உள்ளே செல்கிறார். இருவர் சொல்வதும் சரி. வெளியே நிற்பவரின் பார்வையை மட்டும் முழு உண்மையென்று எடுத்ததே முன்னையவர்களின் தவறு.

அப்படியானால் அந்த எல்லைக்கு ஒரு பொருளுமில்லையா? உண்டு, அது மதிலன்று, ஒருவழி வாசல். இந்தப் பகுதியை அடிகளார் முழுமையாகச் சொல்லவில்லை. 1958இல் பின்கெல்ஸ்டைன் என்ற அமெரிக்கர் அதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். 1960இல் குரூஸ்கால் அந்த இடகாலம் முழுவதற்கும் ஒரே தேசப்படம் வரைந்தார். ஒளியைவிட விரைவாக எதுவும் செல்ல முடியாதாகையால், ஒரு நிகழ்ச்சி எவற்றுக்குக் காரணமாகலாம் என்பதற்கு ஒளியே வரம்பு கட்டுகிறது. கருந்துளைக்கு வெளியே நடப்பது உள்ளே நடப்பவற்றுக்குக் காரணமாகலாம். உள்ளே நடப்பது வெளியே எதற்கும் காரணமாக முடியாது; அங்கே ஒளிகூட வெளிநோக்கி நகர முடியாமல் மையத்தை நோக்கியே இழுபடுகிறது. எல்லைக்குள் மையம் என்பது ஒரு திசையில் இருக்கும் இடமன்று; அது வரப்போகும் ஒரு நேரம். நாளைய பொழுதை எவ்வாறு தவிர்க்க முடியாதோ அவ்வாறே அதையும் தவிர்க்க முடியாது.

1933ஆம் ஆண்டுக் கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஐன்ஸ்டீனைச் சந்தித்தபோது, பிரபஞ்சத்தின் தொடக்கத்திலே எல்லாம் ஒரு புள்ளியாய் ஒடுங்கியிருந்தது என்பதும் ஒரு தோற்றமாக இருக்கலாமல்லவா என்ற ஐயம் எழுந்தது. எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகச் சுருங்குகிறது என்று எடுத்துக்கொண்டதன் விளைவாக அது இருக்கலாம் அல்லவா? அடிகளார் திசைக்குத் திசை வேறுபடச் சுருங்கும் மாதிரியை எடுத்துக் கணக்கிட்டார். ஒடுக்கம் நீங்கவில்லை. எல்லையில் கண்டது படத்தின் பிழை. இதுவோ படத்தை மாற்றினாலும் போகாத உண்மை. இந்த வேறுபாட்டை முழுப் பொதுமையோடு 1965இல் கருந்துளைகளுக்கு நிறுவியவர் ஆங்கிலக் கணித அறிஞர் பென்றோஸ். அதற்காக அவருக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடிகளாரின் கட்டுரையை அன்று பொருட்படுத்தியவர் சிலரே. 1939இலும்கூட ஐன்ஸ்டீன், பொருள்கள் அந்த எல்லைவரை சுருங்க முடியாதென்று காட்ட ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் ஒப்பன்ஹைமரும் அவருடைய மாணவர் சினைடரும், எரிபொருள் தீர்ந்த பெரிய விண்மீன் ஓயாது சுருங்கி எல்லைக்குள் மறையும் என்று கணக்கிட்டனர். தமிழரான சந்திரசேகரும் இந்தப் பாதையில் அடிபட்டவரே. வெள்ளைக் குறுமீன்களின் திணிவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டென அவர் கண்டதை, 1935 ஜனவரியில் இலண்டனில் நடந்த கூட்டத்தில் பலரறிய எள்ளி ஒதுக்கியவர் வேறு யாருமல்லர். லெமேத்தரின் ஆசிரியரான அதே எடிங்டன்தான். பெரியவர்களும் இடறிய இடம் இது.

தோற்றத்தையும் உண்மையையும் பிரித்துப் பார்க்கும் இந்த இயல்பு கணிதத்தோடு நின்றுவிடவில்லை. 1931இல் பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றி ஆங்கில விஞ்ஞான ஏடு ஒன்றுக்கு எழுதிய குறிப்பின் கடைசியில், மறைந்திருக்கும் இறைவனைப் பற்றி ஒரு பந்தியைச் சேர்த்திருந்தார். அனுப்புமுன் தம் கையாலேயே அதை வெட்டிவிட்டார். விசுவாசக் குறைவினாலன்று. பௌதிகம் சொல்லும் தொடக்கம் வேறு, படைப்பு என்று நம் விசுவாசம் அறிக்கையிடுவது வேறு; ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக நிறுத்தினால், நாளை கணக்கு மாறும்போது விசுவாசமும் ஆடிப்போகும் என்பது அவர் கருத்து.

1951 நவம்பரில் இது பெரிய சோதனையாக வந்தது. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், பாப்பரசரின் விஞ்ஞானக் கழகத்தில் நிகழ்த்திய உரையில், புதிய வானியல் படைப்பின் உண்மைக்குச் சான்று பகர்வதாக மிக உவகையோடு பேசினார். உலகப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. தம் கொள்கையைத் திருச்சபையின் தலைவரே புகழும்போது வேறொருவராயின் மகிழ்ந்திருப்பார். அடிகளார் கலங்கினார். நிரூபிக்கப்படாத ஒரு கருதுகோளின்மேல் விசுவாசத்தைக் கட்டுவது விசுவாசத்துக்கும் நன்றன்று, விஞ்ஞானத்துக்கும் நன்றன்று என்று கண்டார். பகிரங்கமாக ஒரு சொல்லும் பேசவில்லை. 1952இல் தென்னாபிரிக்காவுக்குச் செல்லும் வழியில் உரோமையில் இறங்கி, வத்திக்கான் வானோக்கு நிலையத்தின் தலைவர், யேசுசபைக் குரு ஓ’கொனெல் அவர்களோடும் அரசுச் செயலகத்தோடும் பேசினார். அவ்வாண்டு செப்டெம்பரில் உலக வானியலறிஞர்கள் உரோமையிற் கூடியபோது பாப்பரசர் மீண்டும் உரையாற்றினார். முந்திய ஒப்பீடு அதில் இடம்பெறவில்லை. கீழ்ப்படிதலும் உண்மைப்பற்றும் ஒன்றோடொன்று மோதாமல் நடந்த இந்த நிகழ்ச்சியை, அடிகளாரின் எந்தச் சமன்பாட்டுக்கும் குறைந்ததாக நாம் எண்ணவில்லை.

அவர் கண்டிப்பான துறவிபோல் காட்சியளித்தவரல்லர். பருத்த உடல், உரத்த சிரிப்பு, நல்ல உணவில் விருப்பம், பியானோ வாசிப்பு. ஆனால் யேசுவின் நண்பர்கள் என்னும் குருக்கள் சகோதரத்துவத்தில் வார்த்தைப்பாடு கொடுத்து, ஆண்டுதோறும் பத்து நாட்கள் மௌனத் தியானத்தில் இருந்தவர் என்பது உடன் ஆசிரியர் பலருக்கும் தெரியாது. லூவேனில் கற்ற சீன மாணவர்களுக்கு அவர் ஒரு தந்தையாக இருந்தார். 1953இல் இலண்டன் அரச வானியற் கழகம் எடிங்டன் பதக்கத்தை முதன்முதலாக அவருக்கே வழங்கியது. 1960இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் அவரை விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக்கினார். முதுமையில் கணினிமேல் சிறுபிள்ளைபோல் ஆசைகொண்டு, பல்கலைக்கழகத்துக்கு முதற் கணினியைக் கொண்டுவந்து, தாமே அதனருகே இரவும் பகலும் இருந்தார்.

1964 கடைசியில் மாரடைப்பு கண்டது. பின்னர் இரத்தப் புற்றுநோய். நோய்ப்படுக்கையில் இருந்தவரிடம், பிரபஞ்சத்தின் ஆதி வெப்பத்தின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சை அமெரிக்கர் இருவர் கண்டறிந்துள்ள செய்தியை அவருடைய உதவியாளர் கொண்டுவந்தார். 1966 ஜூன் 20ஆந் திகதி லூவேனில் அவர் உயிர் பிரிந்தது. பிறந்த ஊரான சார்லெருவாவில் அடக்கம் செய்தார்கள். நெபுலாக்களின் விலகலைக் கூறும் விதிக்கு ஹபிள்-லெமேத்தர் விதி எனப் பெயரிடும்படி உலக வானியற் சங்கம் 2018இல் பரிந்துரைத்தது.

சுவார்ட்சில்ட் மதிலைத் தகர்த்த கட்டுரையோ 1997ஆம் ஆண்டில்தான் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 2019 ஏப்ரல் 10ஆந் திகதி, கருந்துளையொன்றின் நிழலைப் பிடித்த முதற் படத்தை உலகம் பார்த்தது. கன்னிராசித் திசையிலுள்ள பெரிய நெபுலாக் கூட்டத்தின் நடுவே, ஏறக்குறைய 5½ கோடி ஒளியாண்டு தொலைவில், 650 கோடி சூரியன்களின் திணிவோடு அது இருக்கிறது. அதன் எல்லையைக் கடந்து எவரேனும் விழுவதாயின், வெளியே நிற்பவர் அதை என்றைக்கும் காணப்போவதில்லை. வெகுதொலைவிலிருந்து தடையின்றி விழுபவரின் கையில் அடிகளார் கொடுத்த கடிகாரமோ, எல்லையிலிருந்து மையம்வரை ஏறக்குறைய 12 மணித்தியாலம் என்று காட்டும்.